மாத்திரை இலவசம், பேச்சுக்கு மட்டும் காசு

இரண்டாவது குழந்தை பிறந்து நான்காவது மாதம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வெளியே, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழரைக்கு ஓ.பி. சீட்டு வாங்கியது. மடியில் குழந்தை, பக்கத்தில் அத்தை. எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றரை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "தூக்கம் வருதா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார். "எங்க சார் தூங்குறா? ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருக்கா. புள்ளையத் தூக்குன்னாலும் தூக்க மாட்டேங்குறா."

"சாப்பிடுறாங்களா?"

அதற்கும் அத்தைதான் பதில் சொன்னார். சீட்டில் இரண்டு வரி எழுதினார். ஒரு மாதத்துக்கு மாத்திரை. மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

சீட்டு இலவசம், மாத்திரை இலவசம், வந்த டவுன் பஸ்ஸும் இலவசம். ஒரு பைசா செலவில்லாமல் வீடு திரும்பினேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்த மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். "உனக்கு என்னம்மா ஆச்சு, நீ சொல்லு." அந்தக் கேள்வி வரவேயில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நான் வெளியே வந்தபோது பெஞ்சிலும் தரையிலுமாக ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். ஒரு மணிக்குள் அத்தனை பேரையும் பார்க்க வேண்டிய ஒரு மனிதரால் யாரிடமும் கதை கேட்க முடியாது. மாத்திரையையும் குறை சொல்ல மாட்டேன். அது வேலை செய்தது. ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது, குழந்தையின் அழுகை காதுக்குள் ஊசியாக இறங்குவது நின்றது. அந்த மாத்திரை காசுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்றிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆனால் தூக்கம் வந்த பிறகு விழிப்பும் வந்தது. நான் ஏன் அப்படி ஆனேன், எதை விழுங்கி விழுங்கி அங்கே வந்து நின்றேன் என்று யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் நகரத்திலிருக்கும் ஓர் ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தார். கூப்பிட்டேன். அன்பாகத்தான் பேசினார்கள். ஒரு சிட்டிங்குக்கு 1,500 ரூபாய், முதலில் வாரம் ஒருமுறை வந்தால் நல்லது என்றார்கள். தனியார் பள்ளியில் அப்போது என் சம்பளம் 9,000 ரூபாய். நான்கு வாரத்துக்கு 6,000. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று போனை வைத்தேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். தமிழ்நாட்டில் மனநோய்க்கு மாத்திரையை இலவசமாக்கியிருக்கிறோம். பேச்சைச் சந்தையில் விட்டிருக்கிறோம். பேச்சு யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ, அவர்கள் கையில்தான் காசு மிகக் குறைவாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

*

கணக்கைப் பார்ப்போம். 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயரில், தன் கணக்கில் வந்து விழுந்த பணம் அது. சென்னையிலும் கோவையிலும் தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேச 1,000 முதல் 2,500 ரூபாய் வரை ஆகிறது. அரசு ஒரு பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு உரிமை என்று கொடுக்கும் தொகை, அவள் தன் மனதை ஒருமுறை திறந்து மூடுவதற்குக்கூடப் பல இடங்களில் போதாது. ஊரக வேலைத் திட்டத்தில் கூலிக்குப் போகிறவள் அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பல நாள் மண் சுமக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் 45,026 பெண்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 23,000க்கும் அதிகமானவர்கள் 'இல்லத்தரசிகள்'. பாதிக்கும் மேல். அந்த அறிக்கையில் இறந்தவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்திருப்பார்கள். அரசு ஊழியர், தினக்கூலி, மாணவர் என்று போகும் அந்தப் பட்டியலில் இல்லத்தரசி என்ற வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சம்பளம் இல்லாத, விடுமுறை இல்லாத, பி.எஃப். இல்லாத, இ.எஸ்.ஐ. இல்லாத ஒரே 'தொழில்' அது. உயிரோடிருக்கும்போது வேலை என்று யாரும் ஒத்துக்கொள்ளாததை, இறந்த பிறகு தொழில் என்று பதிவுசெய்கிறார்கள்.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்பது அந்த ஆய்வு கண்டது. பத்துப் பேரில் எட்டுப் பேர். இதைச் சொன்னால் உடனே "விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். எனக்கு விழிப்புணர்வு இருந்தது. போனும் செய்தேன். இல்லாமல்போனது 6,000 ரூபாய்.

*

"இன்சூரன்ஸ் எடுத்துக்கோங்க" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சட்டம்கூட அவர்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரியும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எப்படிக் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. இதைக் கடைப்பிடிக்கச் சொல்லி 2018இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது கட்டிலை வைத்துக் கட்டிய வீடு. பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அறுவை சிகிச்சைக்கும் பெரிய நோய்களுக்கும் கைகொடுப்பது. என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதய அறுவை சிகிச்சை அந்த அட்டையில்தான் நடந்தது. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மனச்சோர்வு உள்ள ஒரு பெண்ணுக்குக் கட்டில் தேவைப்படுவது அபூர்வம். அவளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு நாற்காலி வேண்டும், எதிரே கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். நாற்காலிக்குக் காப்பீடு கிடையாது. சட்டம் 'உடல்நோய்க்குச் சமமாக' என்கிறது. உடல்நோய்க்கே வெளிநோயாளர் செலவு கிடைக்காத இடத்தில், அந்தச் சமத்துவத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

சரி, அட்டை யார் பெயரில் இருக்கிறது? நம் வீடுகளில் காப்பீடு இருந்தால் அது கணவரின் கம்பெனி தந்தது. மனைவி அதில் ஒரு வரி. அவள் எங்கே போனாள், எதற்குப் போனாள் என்ற குறுஞ்செய்தி அவர் போனுக்கு வரும். 'இவரால்தான் எனக்கு இப்படி' என்று சொல்ல வேண்டிய ஒரு பெண், அவர் அட்டையைக் காட்டிப் போய் எதைச் சொல்வாள்?

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அது நல்ல ஏற்பாடு, வெளிநோயாளர் சிகிச்சையும் உண்டு. ஆனால் அது பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு, களையெடுக்கப் போகிறவளுக்கு, வீட்டிலேயே தையல் எந்திரம் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கு அது இல்லை. காப்பீடு என்ற கதவு சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கானது. பெண்களில் பெரும்பகுதி உழைப்பது சம்பளச் சீட்டே இல்லாத இடங்களில். எனவே 'காப்பீட்டை விரிவாக்குங்கள்' என்ற கோரிக்கையோடு நாம் நின்றுவிட முடியாது. கவனிப்பு அட்டையைப் பார்க்காமல் கிடைக்க வேண்டும்.

*

இலவசமாகக் கிடைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் தெருவில் தையல் தைக்கும் அக்கா ஒருவர். அவர் அனுமதியோடு இதை எழுதுகிறேன். பல வருடமாகத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத அழுகை. ஸ்கேன் எடுத்தாயிற்று, இதயத்துக்குப் பார்த்தாயிற்று. தனியார் கிளினிக்குகளில் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு ஒரு நர்ஸ்தான் காதோடு சொன்னாராம், "ஜி.எச்.ல மனசு டாக்டரப் பாருங்க" என்று. போனார். மாத்திரை கொடுத்தார்கள். நன்றாக ஆகிக்கொண்டு வந்தது. மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டார்.

"ஏன்க்கா?"

"மாசா மாசம் ஒரு நாள் போவுது. அன்னிக்குத் தைச்சா நானூறு ரூபா. மாத்திரை ஓசின்னு பேரு, எனக்கு நானூறு ரூபா. அதுவும் எங்க போறேன்னு வீட்ல ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்லணும். பொய்யும் தீந்து போச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சுகாதாரத் திட்டம் போடுகிற ஒவ்வொருவரும் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். மனநலப் பிரிவு இயங்குவது காலை நேரத்தில். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு அவள் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. துணையாக வருகிற ஆளுக்கு முன்னால் பேச முடியாது, துணையில்லாமல் போனால் "எங்க போன?" கேள்வி. பைத்தியம் என்ற பெயர் வந்துவிட்டால் நாளைக்கு மகளுக்கு வரன் வராது, விவாகரத்து வழக்கில் குழந்தையைத் தர மாட்டார்கள் என்ற பயம். ஆணுக்கும் அவமானம் உண்டு. ஆனால் 'பைத்தியம்' என்று சொல்லி ஆணை அவன் வீட்டிலிருந்தே யாரும் அனுப்பிவிடுவதில்லை.

*

இந்தப் பெண்கள் வேறெங்கே போகிறார்கள்? குறி கேட்கப் போகிறார்கள். கோயிலுக்கு, தர்காவுக்கு, ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார்கள். பகுத்தறிவு பேசுகிற நாம் சிரிக்கிறோம். சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். அங்கே அவளுக்கு நேரம் தருகிறார்கள். "சொல்லு தாயி, என்ன உன் குறை" என்று கேட்கிறார்கள். தட்டில் இருபது ரூபாய் வைத்தால் போதும். ஒரு பெண் சாமியாடும்போதும் பேயாடும்போதும் வீடே உட்கார்ந்து கேட்கிறது. மாமியாரைத் திட்டலாம், கணவனின் குடியைச் சொல்லலாம், எனக்கு இந்த வீடு வேண்டாம் என்று கத்தலாம். சொன்னது அவளில்லை என்பதால் யாரும் அடிப்பதில்லை. தன் குரலில் பேசக் கூலி கேட்கும் உலகத்தில், இன்னொருத்தி குரலைக் கடன் வாங்கிப் பேசுகிறாள்.

அந்த இடங்களை நான் புனிதப்படுத்தவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனிதர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று சட்டத்தின் 95ஆவது பிரிவு, எந்த வகையிலும் ஒருவரைச் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஏன் தங்கள் மனிதர்களை அங்கே கொண்டுபோய் விட்டன? எல்லோரும் கொடியவர்கள் என்பதாலா? அருகில், கட்டுப்படியாகும் விலையில், மனிதரை மனிதராக நடத்தும் ஓர் இடம் இல்லாததும் ஒரு காரணம். மூடநம்பிக்கையின் மீது பழிபோட்டுவிட்டு அரசு நழுவிக்கொள்ள நாம் விடக் கூடாது.

*

நம் தோழிகளிடமிருந்தும் ஒரு கேள்வி வரும். அடிக்கிற கணவன் இருக்கும்போது அவளுக்குக் கவுன்சிலிங் எதற்கு? அவனைத் திருத்தாமல் அவள் மனதைத் திருத்துவதா? இது வெறும் விதண்டாவாதம் இல்லை. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்பதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிற ஆலோசகர்களை நானும் பார்த்திருக்கிறேன். பெண்களின் மனவேதனையை அவர்கள் வாழ்கிற சூழலிலிருந்து பிரித்து மூளைக்குள் மட்டும் தேடுவதை பார்கவி தாவர் போன்ற பெண்ணியவாதிகள் 1990களிலேயே கேள்விகேட்டார்கள். அந்தக் கேள்வி நம் சொத்து, அதை விட்டுவிடக் கூடாது.

ஆனாலும் தோழி, புரட்சி வரும்வரை அவள் தூங்காமல் இருக்க முடியாது. கூலி, வன்முறை, சாதி, குடி எல்லாவற்றையும் எதிர்த்து நிற்க, முதலில் அவள் காலையில் எழுந்திருக்க வேண்டும். நான் படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்த மாதங்களில் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, எந்த அநீதிக்கும் கோபப்படவில்லை. கோபம் திரும்பி வந்ததைத்தான் நான் குணமானதன் முதல் அறிகுறியாகச் சொல்வேன். நல்ல பேச்சு பெண்ணைப் பணியவைக்காது. தனக்கு நடப்பதற்குப் பெயர் வைக்கக் கற்றுத்தரும். அப்படிப்பட்ட பேச்சு வசதியுள்ளவளுக்கு மட்டும் கிடைப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

*

"ஊருக்கெல்லாம் கவுன்சிலர் போட அரசிடம் ஏது பணம், ஏது ஆள்?" என்பார்கள். இதற்குப் பதில் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், வீடு வீடாகப் போகிற பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனநோய்ப் படிப்பு எதுவும் படிக்காத பெண்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை அவர்கள் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீட்டில் போய்ப் பார்த்துப் பேசினார்கள். 2008இல் லான்செட் இதழில் அதன் முடிவு வெளியானது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், சாதாரணமாகப் போய்ப் பார்த்த பெண்களில் 53 சதவீதம் பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பேசிய பெண்களில் அது 23 சதவீதம். நம்மைப் போன்ற கூட்டுக்குடும்பம், நம்மைப் போன்ற மாமியார்கள், நம்மைப் போன்ற வறுமை உள்ள ஊர்கள் அவை.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள். கடும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் என்று 2016இன் இறுதியில் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பெண்கள் மீதான கணவரின் அடியும் குறைந்திருந்தது என்று அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. பேசுவது பணியவைக்கும் என்று பயப்படுகிற தோழிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் பாட்டிமார்கள் சுகாதார நிலையத்து மரபெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நம்மிடம் இல்லாததா? 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை தருகிறார். கர்ப்பிணிகளுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். எடை, உயரம், ரத்த அளவு எல்லாவற்றையும் பதிவுசெய்யும் நம் நோட்டில், "மனசு எப்படி இருக்கு?" என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்க என்ன தடை? அந்தக் கேள்வியைக் கேட்கவும், பதிலைத் தாங்கவும், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பவும் அவர்களுக்குப் பயிற்சி தர என்ன தடை?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்தப் பெண்களின் தலையில் இதையும் இலவசமாக ஏற்றக் கூடாது. 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்து, சம்பளத்தை 'ஊக்கத்தொகை' ஆக்கி, பெண்களின் உழைப்பை மலிவாக வாங்குவது அரசுகளின் பழைய பழக்கம். அடுத்தவர் துயரத்தைக் கேட்பது வேலை. அதற்கு முழுச் சம்பளம், பணி நிரந்தரம், கேட்பவர் மனம் களைத்தால் அவரிடம் பேச ஒரு மூத்தவர், இவையெல்லாம் வேண்டும். ஒரு பெண்ணின் மனதை இன்னொரு பெண்ணைச் சுரண்டிக் காப்பாற்ற முடியாது.

*

இதெல்லாம் நாம் கேட்கும் சலுகையும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படியுங்கள். மனநலச் சேவை கட்டுப்படியாகும் விலையில், தரமாக, போதுமான அளவில், போய்வரக்கூடிய தூரத்தில் கிடைப்பது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் இடங்களில் முழுக்க இலவசம் என்கிறது. குறைந்தபட்சச் சேவைகள் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் எடுக்கும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. இந்தக் கடைசி வரியை எத்தனை மருத்துவமனையின் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? நான் எங்கும் பார்த்ததில்லை. 23ஆவது பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. அப்படியென்றால் அத்தையை வெளியே உட்காரச் சொல்லும்படி கேட்க அன்று எனக்கு உரிமை இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்க வேண்டும். ஜி.எச்.சுக்குப் போனால் "எனக்கு மாத்திரையோடு பேசவும் வேண்டும், சைக்காலஜிஸ்ட் யார், எந்தக் கிழமை?" என்று கேளுங்கள். "தனியாகப் பேசணும்" என்று சொல்லுங்கள். பணியிடம் காலி என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் நாளைக்கு நம் கோரிக்கைக்கு ஆதாரம். இரவில் மனம் உடைந்தால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், தமிழில் பேசலாம். வீட்டில் அடி இருந்தால் 181. மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சாக எண்ணம் வந்து போனதை வெளியில் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று இதே சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. படிக்கிற பெண்களே, உங்கள் கல்லூரியில் ஆலோசகர் என்று ஒரு பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறதா, ஆளும் இருக்கிறாரா, நீங்கள் சொன்னது அப்பாவின் காதுக்குப் போகாதா என்று கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

ஆனால் எண்களையும் யோசனைகளையும் சொல்லி முடித்துவிட்டால் நானும் பொறுப்பை உங்கள் தலையிலேயே கட்டியவள் ஆவேன். தேடிக் கண்டுபிடிக்கும் திறமை உள்ளவளுக்கு மட்டும் கிடைப்பது உரிமையாகாது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முழுச் சம்பளம் வாங்கும் ஓர் ஆலோசகர் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேரத்தில் இருக்க வேண்டும். கதவை மூடிக்கொண்டு பேச ஓர் அறை வேண்டும். பெண்ணிடம் தனியாகப் பேசாமல் சீட்டு எழுதக் கூடாது என்ற விதி வேண்டும். மாத்திரைக்குக் கணக்கு வைப்பதுபோல், கேட்டுக்கொண்ட நேரத்துக்கும் அரசு கணக்கு வைக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கேள்வி கடைசியில் கிடைத்தது. நான்காவது முறை மாத்திரை வாங்கப் போனபோது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அத்தை வரவில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வா, அஞ்சு நிமிஷம் உக்காரு" என்றார். அவர் டாக்டரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. நாற்பது நிமிடம் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே அவர் செய்ய வேண்டிய வேலை குவிந்துகொண்டிருந்தது. அதற்காக அவர் திட்டு வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

என் உயிர் ஒரு நல்ல மனுஷியின் இரக்கத்தில் பிழைத்தது. அடுத்தவளின் உயிரும் அப்படி ஓர் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது. அந்த நாற்பது நிமிடம் அவருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும், அதற்கு அவருக்குச் சம்பளம் வந்திருக்க வேண்டும். தையல்கார அக்காவும் ஒரு மாலையில், எந்தப் பொய்யும் சொல்லாமல், அந்த அறைக்குள் போய் உட்கார முடிய வேண்டும்.